கேமராவுக்கு ஹீட்டர், டிரைவருக்குத் துணியா?

மார்கழிக் காலையில கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலை ஏறும் பஸ்ஸை நினைச்சுப் பாருங்க. வெளியே பனிமூட்டம். உள்ளே நம்ம மூச்சுக்காற்றின் ஈரமே முன் கண்ணாடியில் படிந்து மறைக்கும். டிரைவருக்கு ஒரு கையில் ஸ்டீயரிங், மறு கையில் துணி.

சில புதிய கார்களில் கேமராவுக்கு முன்னால் உள்ள கண்ணாடியில் மட்டும் மெல்லிய ஹீட்டர் கம்பி வைக்கிறார்கள். நல்லதுதான். ஆனா மலை வளைவில் பஸ்ஸைத் திருப்புறது டிரைவரோட கண்ணுதானே?

வெளியே உள்ள மூட்டத்தை விரட்ட முடியாது. உள்ளே படிவதைத் தடுக்கலாம். ஈரப்பத சென்சாரும் கண்ணாடியின் வெப்பநிலையைப் பார்க்கும் சென்சாரும் சேர்ந்தால், பனிப்புள்ளியை நெருங்கும்போது மட்டும் ஹீட்டர் ஓடும். பேட்டரி வீணாகாது.

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் தேடுறீங்களா? டிரைவர் சீட்டிலிருந்து ஆரம்பிங்க.