நீர்க்கட்டியா? முதலில் நம் வீட்டுச் சாப்பாட்டு நேரத்தைப் பாருங்கள்!

சினைப்பை நீர்க்கட்டி என்ற சொல் நம் வீடுகளில் இன்று இரண்டு இடங்களில் கேட்கிறது. ஒன்று ஸ்கேன் சென்டரில். மற்றொன்று சம்பந்தம் பேசும் இடத்தில். முதல் இடத்தில் அது ஓர் உடல்நலக் கோளாறின் பெயர். இரண்டாவது இடத்தில் அது ஒரு பெண்ணைத் தட்டிக் கழிக்கும் காரணம்! "பொண்ணுக்கு நீர்க்கட்டியாமே" என்று யாராவது காதோடு காதாகச் சொல்லிவிட்டால் போதும். நிச்சயம் வரை வந்த பேச்சு அத்தோடு நின்றுவிடுகிறது. திருமணமாகி ஓராண்டுக்குள் குழந்தை தங்கவில்லையென்றால் கோளாறு அவளிடம்தான் என்று மாமியார் வீட்டில் தீர்ப்பு எழுதி விடுகிறார்கள். மகனைப் பரிசோதித்தீர்களா என்று கேட்டுப் பாருங்கள். கேட்டவர்மீதே கோபம் வரும்.

இது பெண்கள் பத்திரிகைக்கு உரிய விஷயமாயிற்றே, நம் ஏட்டில் எதற்கு என்று சிலர் முகம் சுளிக்கலாம். சகோதரர்களே! இந்த ஏட்டைப் படிக்கும் நீங்கள் யார்? அந்தப் பெண்ணின் அத்தா, அண்ணன், கணவன். அவள் வீட்டில் எத்தனை மணிக்குச் சாப்பாடு, தட்டில் என்ன விழும், காலையில் அவள் வெளியே நடக்கலாமா கூடாதா என்பதையெல்லாம் முடிவு செய்வது நீங்கள்தான். உணவும் நடையும்தான் இந்தக் கோளாறுக்கு முதல் வைத்தியம் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். அப்படியானால் அந்த மருந்துச் சீட்டு உங்கள் பெயருக்கும் எழுதப்பட்டதுதான்.

முதலில் பெயரிலேயே ஒரு குழப்பம். 1935இல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் ஸ்டீன், லெவென்தால் என்ற இரு மருத்துவர்கள் ஏழு பெண்களைப் பரிசோதித்து இதைப் பற்றி எழுதினார்கள். சினைப்பையில் சிறு சிறு கட்டிகள்போல் தெரிந்ததால் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. உண்மையில் அவை கட்டிகள் அல்ல. முழுதாக வளர்ந்து வெளிவர வேண்டிய முட்டைப் பைகள் பாதி வளர்ச்சியில் நின்றுபோனவை. அவற்றைக் "கரைக்க" எதுவும் தேவையில்லை. புற்றுநோய்க் கட்டியோ என்று பயந்து அழும் தாய்மார்களுக்கு இதை யாராவது எடுத்துச் சொன்னால் பாதி பாரம் இறங்கிவிடும். உலகில் கருத்தரிக்கும் வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இது இருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஆக, இது மறைத்து வைக்க வேண்டிய குடும்ப ரகசியமும் அல்ல.

ஏன் முட்டை வளராமல் நிற்கிறது? வணிகர்களுக்குப் புரியும்படி சொல்வதென்றால், காந்தி மார்க்கெட்டுக்கு வருவோம். லாரி வந்து நிற்கிறது. கடையின் ஷட்டர் துருப்பிடித்துப் பாதிதான் திறக்கிறது. இரண்டு பேர் இறக்க வேண்டிய சரக்குக்கு ஆறு பேரை அனுப்ப வேண்டியிருக்கிறது. இரத்தத்தில் உள்ள சர்க்கரைதான் சரக்கு. அதை உடலின் செல்களுக்குள் இறக்கும் கூலியாள் இன்சுலின். ஷட்டர் சரியாகத் திறக்காததால் உடல் இன்சுலினை மேலும் மேலும் அனுப்புகிறது. அந்த அதிகப்படி ஆட்கள் சும்மா இருப்பதில்லை. சினைப்பைக்குப் போய் ஆண் தன்மை தரும் ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கச் செய்கிறார்கள். விளைவு: முட்டை முதிர்வதில்லை, மாதவிடாய் தள்ளிப் போகிறது, முகத்தில் முடியும் பருவும் வருகின்றன. உடல் பருத்தால் ஷட்டர் இன்னும் இறுகுகிறது. ஒல்லியான பெண்களுக்கும் இது வருவதுண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். "கண்டதைத் தின்றதால் வந்தது" என்று பெண்ணை ஏசுவதற்கு இடமில்லை. பரம்பரைக்கும் இதில் பங்கு உண்டு. அத்தாவுக்குச் சர்க்கரை நோய் இருக்கும் வீடுகளில் மகளுக்கு இது வருவது அதிகம்.

இங்கேதான் நாம் சற்று நின்று யோசிக்க வேண்டும். 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி தமிழகத்தில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். ஏழு பேரில் ஒருவர்! அத்தாவுக்குச் சர்க்கரை என்று தெரிந்ததும் வீட்டில் என்ன நடக்கிறது? சோறு குறைகிறது, கோதுமையும் கேழ்வரகும் வருகின்றன, காய்கறி கூடுகிறது, காலை நடைக்கு ஷூ வாங்கப்படுகிறது. அதே வீட்டில் மகளுக்கு நீர்க்கட்டி என்றால்? மாத்திரைச் சீட்டு மட்டும் வருகிறது. அத்தாவின் தட்டில் விழும் உணவுதான் ஏறக்குறைய மகளுக்கும் வேண்டிய உணவு. தனிச் சமையல்கூட வேண்டாம், சட்டியில் கொஞ்சம் கூடுதலாகப் போட்டால் முடிந்தது!

நம் வணிகக் குடும்பங்களின் வழக்கத்தைப் பாருங்கள். பெரிய கடை வீதியிலும் சிங்காரத்தோப்பிலும் கடை சாத்தி, கல்லாவை எண்ணி, வீடு வந்து சேர இரவு பத்தரை, பதினொன்று. அதுவரை வீட்டுப் பெண்கள் சாப்பிடாமல் காத்திருக்கிறார்கள். இது மரியாதை என்று நாமும் நினைத்துக்கொள்கிறோம். இடையில் பசித்தால் டீ, பிஸ்கட், சமோசா. பதினொரு மணிக்குச் சோறு, இல்லையென்றால் பார்சல் பரோட்டா. பன்னிரண்டுக்குத் தூக்கம். விடியலில் எழுந்து பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, முதல் வாய் உணவு காலை பத்து, பதினொன்றுக்கு. தூக்கமும் குறைவு, சாப்பாட்டு நேரமும் தவறு. இந்த உடலில் ஷட்டர் எப்படித் திறக்கும்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், கசப்பாக இருந்தாலும். கறி ஆக்கிய நாளில் துண்டுகள் யார் தட்டுக்குப் போகின்றன? ஆண்கள் சாப்பிட்டு எழுந்த பிறகு மிஞ்சிய ஆணத்தை ஊற்றி, ஒரு குவியல் சோற்றைப் பெண்கள் சாப்பிடுகிறார்கள். கறி சாப்பிடும் சமுதாயம் என்று பெயர். நம் பெண்கள் சாப்பிடுவதோ வெறும் சோறு! இந்தியர்களின் உணவில் 62 சதவீத சக்தி மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்று ஐ.சி.எம்.ஆரும் சென்னை டாக்டர் மோகன் அவர்களின் ஆய்வு நிறுவனமும் 2025இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. தெற்கே அது பெரும்பாலும் தீட்டிய வெள்ளை அரிசி. புரதம் மிகக் குறைவு.

எனவே என்ன செய்வது? பட்டினி போட வேண்டாம். சோற்றை அறவே நிறுத்தவும் வேண்டாம். ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகம் முன்னின்று 2023இல் வெளியிட்ட சர்வதேச வழிகாட்டி நெறிகள், இந்தக் கோளாறுக்கென்று ஒரே ஒரு உணவுமுறைதான் சிறந்தது என்பதற்குச் சான்று இல்லை என்றே சொல்கின்றன. தட்டில் பாதி காய்கறி, கீரை. கால் பங்கு சோறோ சப்பாத்தியோ. மீதிக் கால் பங்கு மீன், முட்டை, கறி, பருப்பு, சுண்டல் இவற்றில் ஏதாவது. திருச்சிக்காரர்களுக்கு வாழைத்தண்டும் வாழைப்பூவும் தேடிப் போக வேண்டிய பொருளா? பழத்தை ஜூஸாக்காமல் கடித்துச் சாப்பிட வேண்டும். கலர் பாட்டிலும் ரோஸ்மில்க்கும் வீட்டுக்குள் வர வேண்டாம். விருந்தில் பிரியாணி சாப்பிட்டால் வானம் இடிந்துவிடாது. வாரம் மூன்று நாள் விருந்து என்பதுதான் தவறு. நோன்புக் காலத்தில் பகல் முழுக்க வயிற்றைக் காயவிட்டு, இப்தாரில் பஜ்ஜியும் சமோசாவும் சர்பத்தும் நிரப்புவதையும் மாற்ற வேண்டும். மாத்திரை சாப்பிடும் பெண்கள் நோன்புக்கு முன்பே மருத்துவரிடம் வேளை மாற்றிக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

உடல் எடை கூடியவர்களுக்குப் பெரிய இலக்கும் தேவையில்லை. 5 சதவீதம் குறைந்தாலே பலருக்கு மாதவிடாய் ஒழுங்குக்கு வரத் தொடங்குகிறது. 70 கிலோ உள்ள பெண்ணுக்கு அது மூன்றரைக் கிலோதான்.

அடுத்து நடை. காவிரிப் பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கம் போய்ப் பாருங்கள். உத்திர வீதிகளிலும் சித்திரை வீதிகளிலும் விடியற்காலையில் பெண்கள் நடந்துகொண்டிருப்பார்கள். கோயிலைச் சுற்றுவது அவர்களுக்கு வழிபாடு. ஆனால் மருத்துவர் சொல்லும் அரை மணி நேர நடையும் அதிலேயே முடிந்துவிடுகிறது. எங்கே போகிறாய் என்று எவரும் கேட்பதில்லை. அதற்காக அந்த ஊரில் நீர்க்கட்டி இல்லை என்று சொல்ல வரவில்லை. தயிர்சாதமும் சர்க்கரைப் பொங்கலும் தின்றுவிட்டு நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன் அமரும் பெண்களுக்கு அங்கும் இதே கதைதான். கோளாறு சாதி மதம் பார்த்து வருவதில்லை. ஆனால் நடப்பதற்கு ஒரு வீதி அவர்களுக்கு இருக்கிறது. பாலக்கரையில் நம் பெண் காலை ஆறு மணிக்குத் தனியாக நடந்தால் ஏழு மணிக்குள் அவள் அண்ணனுக்குச் செய்தி போய்விடும்!

வாரத்துக்கு 150 நிமிடமாவது வேகமாக நடக்க வேண்டும், இரண்டு நாள் தசைக்கு வேலை தரும் பயிற்சியும் வேண்டும் என்பது கணக்கு. தமிழக அரசு 2023 நவம்பரில் "நடப்போம் நலம் பெறுவோம்" என்று மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதைத் திட்டம் தொடங்கியது. அதில் நம் பெண்கள் எத்தனை பேர் கால் வைத்தார்கள்? கூச்சமாக இருக்கிறது என்றால் அதற்கும் வழி உண்டு. நம் ஜமாஅத்துகளுக்கும் செல்வந்தர்களுக்கும் சொந்தமான திருமண மஹால்கள் நிக்காஹ் இல்லாத நாட்களில் பூட்டியே கிடக்கின்றன. காலை ஆறிலிருந்து ஏழு வரை பெண்களுக்குத் திறந்துவிட என்ன செலவு? மாநகராட்சிப் பூங்காக்களில் பெண்களுக்கென ஒரு மணி நேரம் ஒதுக்கும்படி வார்டு கவுன்சிலரிடம் மனு கொடுக்க இளைஞர்களுக்கு எவ்வளவு நேரமாகும்? எத்தனையோ கோரிக்கைகளுக்கு வீதியில் இறங்கியவர்கள்தானே நாம்?

மருந்து விற்கும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. "மூன்றே மாதத்தில் நீர்க்கட்டி கரையும்" என்று பொடியும் லேகியமும் இன்று செல்போன் வழியாகவே வீடு தேடி வருகின்றன. வெந்தயமும் கருஞ்சீரகமும் சமையலில் சேர்வது நல்லதே. ஆனால் மாதவிடாய்க் கோளாறைச் சரிசெய்யும், மலட்டுத்தன்மையைப் போக்கும் என்று ஒரு பொருளை விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்துகள், மாயத் தீர்வுகள் விளம்பரச் சட்டம் தடை செய்கிறது. நோட்டீஸ், லேபிள், மேலுறைகூட அச்சட்டப்படி விளம்பரம்தான். முதல் முறைக்கே ஆறு மாதம் வரை சிறை உண்டு. சட்டம் இருக்கட்டும். அழுதுகொண்டு வரும் ஒரு பெண்ணிடம் பொய்யை விற்று வரும் காசு எப்படிப்பட்ட காசு?

உணவும் நடையும் முதல் வைத்தியம் என்றால் டாக்டர் வேண்டாம் என்று பொருளல்ல. மூன்று மாதத்துக்கு மேல் மாதவிடாய் வராமலிருந்தால் கட்டாயம் காட்ட வேண்டும். அப்படியே விட்டால் கருப்பையின் உட்சுவர் தடித்துப் பின்னாளில் புற்றுநோய்க்கு வழிவகுக்கலாம். சர்க்கரைப் பரிசோதனையும் வேண்டும். மனச்சோர்வு இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். இந்தக் கோளாறில் அது சாதாரணம். கொடுத்த மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது. ஆனால் பதினைந்து, பதினாறு வயதுப் பெண்ணை ஸ்கேனுக்கு இழுத்துச் சென்று முத்திரை குத்தாதீர்கள். அந்த வயதில் சினைப்பை இயல்பாகவே அப்படித் தெரியும். வளரிளம் பெண்களுக்கு ஸ்கேனை வைத்து இதை முடிவு செய்யக் கூடாது என்று அதே 2023 நெறிகள் சொல்கின்றன. புத்தூரிலுள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையில் மகப்பேறு மருத்துவர்கள் இருக்கிறார்கள். பணமில்லை என்று தள்ளிப்போட வேண்டியதில்லை.

இந்தக் கோளாறு உள்ள பெண்களில் பெரும்பாலோர் தாயாகிறார்கள். முட்டையை வெளிவரச் செய்யும் மாத்திரைகளே பலருக்குப் போதுமானவை. நகையை விற்று டெஸ்ட் டியூப் சிகிச்சைக்கு ஓடுவது முதல் படி அல்ல, கடைசிப் படி. குழந்தையில்லாத தம்பதியரில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் ஆணின் பக்கமும் குறை இருக்கிறது. அதைக் கண்டறியும் பரிசோதனை எளிது, செலவும் குறைவு. ஆகவே அடுத்த முறை சம்பந்தம் பேசும்போது யாராவது பெண்ணின் ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கேட்டால், தயங்காமல் மாப்பிள்ளையின் சர்க்கரைச் சீட்டைக் கேளுங்கள். இரவு எத்தனை மணிக்குக் கடை சாத்துவார் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.