பந்தியில உட்கார்ந்தா தெரியும்

திருப்பரங்குன்றத்தில் குடியிருக்கிற கிறிஸ்தவனைப் பார்த்து எல்லாரும் தவறாமல் கேட்கும் கேள்வி ஒண்ணு உண்டு. "நீங்க பிரசாதம் எல்லாம் சாப்பிடுவீங்களா?" கந்த சஷ்டி, பங்குனி உத்திரம் என்றால் ஊரே மலையடிவாரத்தில் நிற்கும். பக்கத்து வீட்டு அக்கா ஒரு கிண்ணத்தில் சர்க்கரைப் பொங்கலைப் போட்டுக்கொண்டு வந்து, கொடுக்கலாமா வேண்டாமா என்று வாசலிலேயே தயங்குவார். தயக்கம் அவருக்கு, சங்கடம் நமக்கு.

என் சொந்தபந்தத்துக்குள்ளேயே இதில் மூணு கட்சி இருக்கு. முதல் கட்சி, "படைச்சது எங்களுக்கு ஆகாதுக்கா, தப்பா நினைச்சுக்காதீங்க" என்று நேராகச் சொல்லிவிடும். ரெண்டாவது கட்சி வாங்கி, மனசுக்குள் ஒரு குட்டி ஜெபம் பண்ணிவிட்டுச் சாப்பிட்டுவிடும். மூணாவது கட்சி சிரித்த முகமாய் வாங்கிக்கொண்டு, கதவைச் சாத்தியதும் வேலைக்கு வருகிற அம்மாவிடம் கொடுத்துவிடும். (இந்த மூணாவது கட்சியைத்தான் எனக்குச் சுத்தமாப் பிடிக்காது. நமக்கு ஆகாதுன்னா அந்த அம்மாவுக்கு மட்டும் எப்படிங்க ஆகும்?)

பவுலுக்கும் இதே தலைவலி இருந்திருக்கிறது. கொரிந்து ஊர்ச் சந்தையில் விற்ற கறியில் எது கோயிலில் பலி கொடுத்தது, எது சும்மா அறுத்தது என்று யாராலும் பிரிக்க முடியாது. அவர் சொன்ன யோசனை ரொம்பவும் நடைமுறையானது. கடையில் விற்பதையும், கூப்பிட்ட வீட்டில் முன்னால் வைப்பதையும் துருவித் துருவி விசாரிக்காமல் சாப்பிடு. யாராவது "இது படைச்சது" என்று எடுத்துச் சொன்னால் மட்டும், சொன்னவருடைய மனசாட்சிக்காக விட்டுவிடு. அதே சமயம், எருசலேமில் கூடிய அப்போஸ்தலர்கள் படைத்ததை விலக்கத்தான் சொன்னார்கள் என்று அப்போஸ்தலர் நடபடிகள் 15ல் இருக்கு. ஆக முதல் கட்சிக்கும் வசனம் உண்டு, ரெண்டாவது கட்சிக்கும் வசனம் உண்டு. அடிச்சுக்க வேண்டியதில்லை.

சரி, மேட்டருக்கு வருவோம். இலையில் என்ன இருக்கு என்று இவ்வளவு கவலைப்படுகிற நாம், பக்கத்து இலையில் யார் இருக்கா என்பதைப் பற்றி வாயே திறப்பதில்லை. வேதத்தை எடுத்துப் பார்த்தால் பெரிய சண்டை நடந்தது இந்த விஷயத்தில்தான். அந்தியோகியாவில் பேதுரு யூதரல்லாத விசுவாசிகளோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து சில ஆட்கள் வந்ததும் மெதுவாக எழுந்து தள்ளிப் போய்விட்டார். பவுல் அவரைத் தனியாகக் கூப்பிட்டெல்லாம் சொல்லவில்லை. எல்லார் முன்னாலும் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டார். கலாத்தியர் 2ல் இருக்கு. பேதுரு அன்றைக்கு எந்த உபதேசத்தையும் மாற்றவில்லை, யாரையும் திட்டவில்லை. சாப்பாட்டிலிருந்து எழுந்தார், அவ்வளவுதான். அதுக்கே அந்த வாங்கு!

மதுரையில் இந்தக் கதை நானூறு வருஷப் பழசு. 1606ல் ராபர்ட் தெ நொபிலி இங்கே வந்தபோது, ஏற்கெனவே கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற போர்த்துக்கீசியப் பாதிரியார் பல வருஷமாகப் பரதவ மக்களுக்கு ஊழியம் செய்துகொண்டிருந்தார். நொபிலி என்ன செய்தார்? காவி கட்டினார், கறியை விட்டார், பிராமணச் சமையற்காரரை வைத்துக்கொண்டார், தனி வீடு எடுத்துக்கொண்டு பெர்னாண்டஸோடு சேர்ந்து சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். மேல்சாதியினர் கேட்க வேண்டுமானால் பறங்கியோடு ஒட்டு உறவு இருக்கக் கூடாது என்பது அவர் கணக்கு. பெர்னாண்டஸ் மேலிடத்துக்குப் புகார் எழுதினார். பிறகு 1623ல் போப் பதினைந்தாம் கிரகோரி பூணூல், குடுமி, சந்தனம் இதையெல்லாம் வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதி கொடுத்தார். 1640களில் மற்ற சாதியாருக்கென்று பண்டாரசாமிகள் என்ற பெயரில் வேறு பாதிரியார்களே வந்துவிட்டார்கள். நொபிலியின் தமிழுக்கும் சமஸ்கிருதத்துக்கும், ஒரு மண்ணை மதித்து அதன் நடை உடையைக் கற்றுக்கொண்ட பணிவுக்கும் பெரிய கும்பிடு. ஆனால் ஒரே ஊரில், ஒரே சபையைச் சேர்ந்த ரெண்டு சாமியார்களுக்கு ரெண்டு அடுப்பு. மதுரைக் கிறிஸ்தவத்தின் ஆரம்ப அத்தியாயங்களில் இதுவும் ஒண்ணு என்பதை மறைக்க முடியாது.

அடுத்த கதைக்கு நான் ரொம்ப தூரம் போக வேண்டாம். பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் பசுமலை. 1834ல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்த அமெரிக்கன் மிஷன்காரர்கள் பின்னாளில் செமினரி வைத்த இடம். இவர்கள் நொபிலிக்கு நேர் எதிர். 1847ல் ஒரு கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள்: சாதியை விட்டேன் என்று வாயால் சொன்னால் போதாது, எல்லாச் சாதியாரும் சேர்ந்து உட்காரும் அன்பின் விருந்தில் சாப்பிட்டுக் காட்ட வேண்டும். மறுத்தவர்களுக்கு இராப்போஜனம் கிடையாது. பலரைச் சபையிலிருந்து தள்ளி வைத்தார்கள். அதில் மிஷனிடம் சம்பளம் வாங்கிய உபதேசிமார்களும் உண்டு. பைபிளைக் கரைத்துக் குடித்தவர்கள் ஒரு வாய்ச் சோற்றில் மாட்டிக்கொண்டார்கள்!

வெள்ளைக்காரன் அதிகாரத்தில் வைத்த பரீட்சை அது, கட்டாயப்படுத்தி ஊட்டுவது அன்பின் விருந்தா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. என் சந்தேகம் வேற. பரீட்சைக்கு ஒரு நாள் சாப்பிட்டு பாஸாகிவிட்டு, வீட்டுக்குப் போய் பழைய அடுப்பையே பற்ற வைக்கலாமே? அப்படித்தான் ஆகியிருக்கு என்று நினைக்கிறேன். இல்லையென்றால் இன்றைக்கும் கல்யாண விளம்பரங்களில் 'சிஎஸ்ஐ' என்ற எழுத்துக்குப் பக்கத்திலேயே ஒரு சாதிப் பெயர் ஏன் ஒட்டிக்கொண்டு வருது? ஆர்சி நண்பர்கள் சிரிக்க வேண்டாம், உங்க விளம்பரத்தையும் படிச்சுட்டுத்தான் இருக்கேன் :-)

எங்க சொந்தத்தில் ஒரு கல்யாணம் நடந்தது. பையனும் பொண்ணும் ஒரே சபை, ஒரே பாடகர் குழு. அவன் டெனர், அவள் ஆல்டோ. சாதி மட்டும் வேற. மூணு ஞாயிறு ஓலை வாசித்தார்கள். ஆட்சேபணை இருந்தால் சொல்லலாம் என்று ஐயர் கேட்டார். ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. ஆகா, சபை மாறிடுச்சு என்று நினைத்தேன். கல்யாணத்தன்று ஆராதனையில் எல்லாரும் இருந்தார்கள், கையைத் தூக்கி ஆசீர்வதித்தார்கள், மொய்க் கவரும் கொடுத்தார்கள். சாப்பாட்டுக்குத்தான் ஆளைக் காணோம். எங்க மாமா ஒருத்தர் "சுகர் மாப்ள, வெளிய சாப்பிடுறதில்ல" என்றார். போன மாசம் இன்னொரு கல்யாணத்தில் ரெண்டு தடவை பிரியாணி கேட்டு வாங்கியவர் அவர். சித்தி ஒருத்திக்கு பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சு. இன்னொருத்தர் உபவாசம் என்றார், சனிக்கிழமை மதியம். ஓலைக்குச் சொல்லாத ஆட்சேபணையை எல்லாரும் இலைக்குச் சொல்லிவிட்டுப் போனார்கள். பொண்ணோட அப்பா வாசலில் நின்று ஒவ்வொருத்தரையும், "சாப்ட்டுட்டுப் போங்கய்யா" என்று கையெடுத்துக் கும்பிட்டதைப் பார்க்க முடியவில்லை. மீந்த சோறு எத்தனை அண்டா என்று எண்ணினால், எங்க விசுவாசத்தின் அளவு சரியாகத் தெரிந்திருக்கும்.

இதில் பெரிய கொடுமை என்னன்னா, 1950ல் வந்த குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதி என்பது இந்துக்களுக்கு மட்டும்தான். 1956ல் சீக்கியரையும் 1990ல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவரைச் சேர்க்கவில்லை. காரணம் என்ன சொல்றாங்க? கிறிஸ்தவத்தில் சாதி கிடையாதாம்! தாலுகா ஆபீஸ் சர்டிபிகேட்டில் இல்லாத சாதி, கல்லறைத் தோட்டத்தில் சுவராக நிற்கிறது. திருச்சி மேலப்புதூரில் போய்ப் பாருங்கள். உளுந்தூர்பேட்டை பக்கம் எறையூரில் 2008 மார்ச்சில் ஒரே மாதாவைக் கும்பிடுகிற ரெண்டு தரப்புக்கும் மோதலாகி, போலீஸ் சுட்டதில் ரெண்டு உயிர் போச்சு. தலித் கிறிஸ்தவர் அரசிடம் போனால் "உனக்குச் சாதி இல்லை", சபைக்கு வந்தால் "உன் சாதி தெரியும்". இட ஒதுக்கீடு கேட்டு ஆயர்கள் டெல்லி வரைக்கும் ஊர்வலம் போகிறார்கள். போகட்டும், நியாயமான கோரிக்கை. போகும்போது அப்படியே உள்ளூர்க் கல்லறைச் சாவி யார் கையில் இருக்கு என்றும் கேட்கலாம்.

வீட்டுக்குள்ள வருவோம். சுவரில் வாக்குத்தத்த வசனம் மாட்டியிருக்கும். ராத்திரி எட்டு மணிக்குக் குடும்ப ஜெபம். சமையலறைத் தட்டில் ஒரு ஓரமாக, வேலை செய்கிற அம்மாவுக்கென்று தனி டம்ளர் கவிழ்ந்திருக்கும். கேட்டால் "சுத்தத்துக்குங்க" என்பார்கள். அதே வீட்டில் ஞாயிறு மதியம் ஆராதனை முடிந்து வந்து ஆண்களும் பிள்ளைகளும் உட்கார்ந்துவிடுவோம். காலையில் நாலு மணிக்கே எழுந்து கறியைத் தாளித்துவிட்டு, கோயிலுக்கும் வந்து, பெண்கள் சங்கக் கூட்டத்திலும் இருந்துவிட்டு வந்த மதினி நின்றுகொண்டே பரிமாறுவார். அவருக்கு மிஞ்சுவது குழம்பின் அடிச்சட்டி. மார்த்தாள் கதையில் பிரசங்கம் கேட்கும்போதெல்லாம் 'ஐயோ பாவம் மார்த்தாள், அவளைப் போல இருக்கக் கூடாது' என்று தலையாட்டுகிறோம். சரி, மார்த்தாளும் கீழே உட்கார்ந்துவிட்டால் சோறு யார் பொங்குறது? லாசரு எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிருக்கலாம்ல?

இந்த விஷயத்தில் என் கண்ணைத் திறந்தவர் அரசரடியில் இருந்தவர்தான். 1969ல் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பாடம் சொன்ன தியாபிலஸ் அப்பாவு ஐயா, பரட்டை என்று பெயர் வைத்துக்கொண்டவர். 2005ல் காலமானார். கர்நாடக ராகத்தையும் வெள்ளைக்கார ராகத்தையும்தான் பக்தி என்று நினைத்த சபைக்குள், பறையையும் கிராமத்து மெட்டையும் கொண்டுவந்து முழு ஆராதனையே அமைத்தவர் என்று பலருக்கும் தெரியும். எனக்கு அவர் பாட்டைவிடப் பெரிதாகத் தெரிவது அவர் சொன்ன 'ஒரே உலை'. நம்ம ஊரில் ஒரு கூட்டுக்குடும்பம் பிரிந்துவிட்டது என்பதை எப்படிச் சொல்வோம்? "உலை வேற வேற ஆயிடுச்சு" என்போம். அப்போ சபை ஒரே குடும்பம் என்று சொன்னால் உலை ஒண்ணா வேறயா என்பதுதான் அவர் கேள்வி. 1847 பந்தியையும் தாண்டி இது போகுது. பந்தியில் பக்கத்தில் உட்கார்வது சுலபம், அரைமணி நேர வேலை. ஒரே உலை என்றால் உன் அரிசியும் என் அரிசியும் சேரணும். உன் கஷ்டம் என் வீட்டுச் செலவுக் கணக்கில் வரணும்.

அசனம் இருக்கே என்பீர்கள். திருநெல்வேலிப் பக்க நண்பர்கள் அசனப் பண்டிகை என்றாலே உருகிவிடுவார்கள், எனக்கும் அந்தக் கறிக்குழம்பு வாசம் பிடிக்கும். முந்தின ராத்திரி எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரிக்கும்போது வருகிற பேச்சும் சிரிப்பும் எந்த கன்வென்ஷனிலும் கிடைக்காது. டாக்டரும் துப்புரவுத் தொழிலாளியும் ஒரே வரிசையில் தரையில் உட்கார்வது சாதாரண விஷயமில்லை. ஆனால் நான் போன சில இடங்களில் கமிட்டிக்காரர்களுக்கும் விருந்தாளிகளுக்கும் ஹாலுக்குள் ஃபேனுக்குக் கீழே மேஜை போட்டிருந்தார்கள். கறி அங்கேதான் முதலில் போகும், பந்தலுக்கு வரும்போது உருளைக்கிழங்குதான் மிதக்கும். வசதியுள்ளவன் முந்திச் சாப்பிட்டு, இல்லாதவன் பசியோடு நிற்பதைப் பார்த்துத்தான் கொரிந்தியரை பவுல் அந்தப் போடு போட்டார். அந்த அதிகாரத்தின் பின்பாதியை மட்டும் மாசாமாசம் இராப்போஜனத்தில் வாசிக்கிறோம்.

எங்க சபையில் பிடியரிசி இன்னும் இருக்கு. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி எடுத்து டப்பாவில் போட்டு, கோயிலுக்குக் கொண்டு வருவார்கள். அதை ஏலத்தில் விற்றுப் பணத்தைக் கணக்கில் சேர்ப்பது வழக்கம். விற்காமல், மாசம் ஒரு ஞாயிறு அதையே பொங்கி எல்லாரும் சாப்பிடலாமே, சமையல் வேலையை வீட்டுக்கு வீடு முறை வைக்கலாமே என்று கேட்டுப் பார்த்தேன். முதலில் ஹால் வாடகைக்குப் போயிருக்கும் என்றார்கள். அப்புறம் கமிட்டியில் ஒருத்தர் விவரமாக எழுந்து, "பொன்னியும் ரேஷனும் கலந்து கெடக்கு, ஒண்ணு குழையும் ஒண்ணு வேகாது" என்றார். சமையல் தெரிந்தவர்தான், மறுக்க முடியவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த ஓர் ஆச்சி, "சோறா பொங்கினாத்தானய்யா அது? கஞ்சி காய்ச்சுங்க" என்றார்.

கடைசியில் லெந்து காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மட்டும் கஞ்சி என்று ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். அரிசி பிடியரிசி, அண்டா சபையோடது, காய்ச்சுவது ஆண்கள். இப்போ பேச்சு ஓடிக்கொண்டிருப்பது துவையலில். யார் வீட்டில் அரைப்பது என்று ரெண்டு கூட்டமாக முடிவாகவில்லை.