ஓசிக் குடித்தனம்

புதுக் கம்ப்யூட்டரைப் பெருமையாகத் திறந்தால், நமக்கு முன்பே அங்கே பத்துப் பேர் குடியிருக்கிறார்கள். சீட்டாட்டம், வானிலை, எக்ஸ்பாக்ஸ், கேட்காமலே உதவிக்கு வரும் கோபைலட். அட்வான்ஸ் கிடையாது, வாடகை கிடையாது. கரெண்ட்டும் தண்ணீரும், அதாவது பேட்டரியும் மெமரியும், நம்ம கணக்கு.

இது புது வியாதி இல்லை. விண்டோஸோடு இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரை ஒட்டி விற்றுப் போட்டியாளர்களை நசுக்குகிறது என்று 1998-ல் அமெரிக்க அரசாங்கமே மைக்ரோசாஃப்ட் மேல் கேஸ் போட்டது. 'ரெண்டும் ஒரே உடம்பு, பிரிக்க முடியாது' என்றது கம்பெனி. பிரின்ஸ்டன் பேராசிரியர் எட்வர்ட் ஃபெல்டன் பிரிப்பதற்கு ஒரு புரோகிராமே எழுதிக் காட்டினார்.

1999 பிப்ரவரியில் கம்பெனி கோர்ட்டில் ஒரு வீடியோ போட்டது. ஃபெல்டன் புரோகிராமை ஓட்டினால் விண்டோஸ் எப்படி மந்தமாகிறது பாருங்கள் என்று! அரசுத் தரப்பு வக்கீல் டேவிட் பாய்ஸ் படத்தை நிறுத்தி, மேல்வரியில் இருக்கும் எழுத்து மாறியிருக்க வேண்டுமே என்று கேட்டார். பாட்டு நடுவில் கதாநாயகிக்குப் புடவை மாறுகிற நம் சினிமா மாதிரி, ஒரே கம்ப்யூட்டர் என்று காட்டிய படத்தில் பல கம்ப்யூட்டர்கள் நடித்திருந்தது அம்பலமானது.

பிரிக்கவே முடியாத அந்த எக்ஸ்ப்ளோரருக்கு 2022-ல் கம்பெனியே ரிட்டையர்மென்ட் கொடுத்தது. விண்டோஸ் சௌக்கியமாகத்தான் இருக்கிறது.

'வரலாறு இருக்கட்டும் சார், எதைத் தூக்கலாம்?' என்கிறார் எங்கள் மாடியில் இருக்கும் பேங்க் இளைஞர். சொல்கிறேன்.

முதலில், கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். அதில் 'ஸ்டார்ட்அப் ஆப்ஸ்' என்ற இடத்தில், காலையில் கம்ப்யூட்டர் கண் விழிக்கும்போதே கூடவே எழுந்துகொள்ளும் கூட்டம் பட்டியலாக நிற்கும். வேண்டாததை 'டிஸேபிள்' செய்யலாம். இது டிஸ்மிஸ் இல்லை. 'கூப்பிட்டால் மட்டும் வா' என்கிற மெமோ.

அடுத்தது நிஜமான டிஸ்மிஸ். செட்டிங்ஸில் 'ஆப்ஸ்', அதற்குள் 'இன்ஸ்டால்டு ஆப்ஸ்'. சீட்டாட்டம், வானிலை எல்லாம் இங்கே 'அன்இன்ஸ்டால்' ஆகும். மனசு கேட்காவிட்டால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து திரும்ப இலவசமாக அழைத்துக்கொள்ளலாம். எட்ஜ் பிரவுசர் மட்டும் கொஞ்சம் அழுத்தக்காரர். புதுச் சட்டம் வந்து கழுத்தைப் பிடித்ததும், 2024-ல் ஐரோப்பியர்களுக்கு மட்டும் அதை நீக்கும் பட்டனைக் கொடுத்தார்கள். ஆக, நீக்க 'முடியாது' என்பது பல சமயம் எஞ்சினியர் சொல்வதில்லை, வக்கீல் சொல்வது.

ஒன்டிரைவிடம் மட்டும் உஷார். உங்கள் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், போட்டோக்களை அது தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டிருக்கலாம். ஃபைல் பக்கத்தில் மேகப் படம் இருந்தால், அது உங்கள் டிஸ்கில் இல்லை, எங்கோ ஒரு சர்வரில் இருக்கிறது. அந்த ஃபோல்டர்மேல் ரைட் கிளிக் செய்து, 'ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்' கொடுத்து, எல்லாம் வந்து சேர்ந்த பிறகுதான் ஒன்டிரைவை அனுப்ப வேண்டும். அவசரப்பட்டால் தங்கையின் கல்யாண போட்டோவைத் தேடிக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும்.

பெயர் புரியாததைத் தொடாதீர்கள். அது சவுண்டுக்கோ டச்பேடுக்கோ உயிர்நாடியாக இருக்கும். விண்டோஸ் செக்யூரிட்டி வாட்ச்மேன், அவர் இருக்கட்டும். 'ஒரே கிளிக்கில் எல்லாக் குப்பையும் காலி' என்று வரும் முன்பின் தெரியாத இலவசப் புரோகிராம்களுக்கு அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை கொடுப்பது, வீட்டைக் கூட்டுவதற்குப் பீரோ சாவியைத் தருகிற மாதிரி.

எல்லாம் முடிந்ததா? பெரிய அப்டேட் வந்த மறுநாள் அந்தப் பட்டியலை இன்னொரு தரம் பாருங்கள். காலி பண்ணியவர்களில் யாராவது பெட்டி படுக்கையோடு திரும்பி வந்து திண்ணையில் உட்கார்ந்திருக்கலாம்.