மடிக்கிதாரும் நம் ஸ்வரங்களும்

மடியில் கிடத்தி உருக்குத் தண்டை நழுவவிட்டு வாசிக்கும் ஸ்டீல் கிதாரில், சுருதியமைப்பைத் தேர்ந்தவுடன் எந்தக் கோட்டில் எந்த ஸ்வரக்கூட்டு (கார்டு) பிறக்கும் என்று காட்டும் இணையக் கருவிகள், ஆசிரியர் அருகில் வாய்க்காத ஆரணி போன்ற ஊர்களின் இளைஞர்க்குப் பேருபகாரமே என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆயினும் அவை பெரும்பாலும் ஆங்கில எழுத்துக்களோடு நின்றுவிடுகின்றன. ஸி-6 எனும் அமைப்பின் ஆறு தந்திகளை ச, க, ப, த, ச, க என்று எழுதிக் காட்டினால், மோகன ராகத்தில் ரிஷபம் ஒன்றே குறைகிறது என்பதை நம் மாணவன் கணத்தில் கண்டுகொள்வான். தண்டை ஐந்தாம் கோட்டுக்கு நகர்த்தினால் சுத்த மத்தியமமே புது ஆதாரமாவதும் அவனுக்கு விளங்கும்.

திருவிடைமருதூர் சகாராம ராவும் அவர் சிஷ்யர் நாராயண ஐயங்காரும் வளர்த்த, இதேபோல் நழுவவிட்டு வாசிக்கும் கோட்டுவாத்தியம், மெட்டில்லாத தந்தியில் கமகம் பிறக்கும் விதத்தை இந்த ஹவாய்க் கிதாரின் துணையின்றியே நமக்குக் கற்பித்தது. 1994-இல் விஸ்வமோகன் பட் கிராமி விருது பெற்றதும் நழுவு கிதாரை இந்திய முறையில் வாசித்தே. ஆரணித் தறியில் ஜக்கார்டு அட்டை பூவேலையைக் காட்டினாலும் இழையின் இறுக்கத்தை விரலே அறிவதுபோல, கோட்டுக்கும் கோட்டுக்கும் இடையிலுள்ள ஸ்வரத்தைச் செவியே அறியவேண்டியிருப்பதால், ஸ்வரப் பெயர், தம்புராச் சுருதி, கமகத்தின் ஒலிப்பதிவு ஆகிய மூன்றும் கூடிய தமிழ்க் கருவியொன்றை நம் அரசு இசைக் கல்லூரிகளே இயற்றி இலவசமாக வழங்க வேண்டும்.