சிப்பாய் எந்த நாட்டு யூனிட்?

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 3-க்கு 2007-இல் வந்த ஏஷியன் டைனஸ்டீஸ் ஆடியவர்களுக்கு இந்தக் கடுப்பு புரியும். இந்தியாவை எடுத்தால் ஒவ்வொரு யுகத்தைத் தாண்டவும் ஒரு அதிசயம் கட்டணும். ஆக்ரா கோட்டை, சார்மினார், கர்ணி மாதா, தாஜ்மகால், வெற்றிக் கோபுரம். அவ்ளோதான். ஹைதராபாத்துக்குத் தெற்கே ஒரு செங்கல் கூடக் கிடையாது. சிவிலைசேஷன் 6-இல் மதுரை மீனாட்சி கோயில் வரவே 2019 ஆச்சு. கட்டினா ரெண்டு குரு இலவசம் :-)

புலம்பி என்ன பண்ண, நாமளே ஒரு சினாரியோ செய்வோம்னு பழைய சிவ் 4-ஐத் தூசி தட்டினேன். கர்நாடகப் போர்கள், 1746 முதல் 1783 வரை. நெய்வேலியில் இருந்துகொண்டு வேற எதைச் செய்ய? அந்தச் சண்டை நடந்த கடலூர், பரங்கிப்பேட்டை, சிதம்பரம் எல்லாம் பஸ் ஏறினால் போய்விடுகிற ஊர்கள். (மேப்பில் நெய்வேலி வெறும் செம்மண் காடு. பழுப்பு நிலக்கரியை அங்கே ஒளிச்சு வைக்கக் கை துறுதுறுத்தது. அடக்கிக்கிட்டேன்.)

முதல் இடறலே யூனிட்டில்தான். சிவ் 4-இல் இங்கிலாந்துக்கு ரெட்கோட், பிரான்சுக்கு மஸ்கடியர். இந்தியாவுக்கு? ஃபாஸ்ட் வொர்க்கர். வேகமா மண் வெட்டுற ஆள்! சரி, அதுக்குப் பதிலா சிப்பாயை வைக்கலாம்னா, அவன் எந்த நாட்டு யூனிட்? துப்பாக்கி தூக்கினவன் நம்மூர்க்காரன். சம்பளம் கொடுத்தது கும்பினி, இல்லேன்னா பிரெஞ்சுக்காரன், இல்லேன்னா நவாப்.

கமல் 1997-இல் பூஜை போட்டு முடிக்காமல் விட்ட மருதநாயகத்தையே எடுத்துக்குங்க. கும்பினியின் சிப்பாய்ப் படைக்குத் தளபதி. பூலித்தேவரின் நெற்கட்டான்செவலை 1761-இல் பிடிச்சவர். 1763-இல் அதே ஆள் மதுரையில் பிரெஞ்சுக் கொடி ஏத்துறார். 1764-இல் தூக்குல போட்டாங்க. ஹீரோ யூனிட்டாக இவரை எந்தப் பக்கம் வைப்பது? நண்பர் ஒருத்தர், "பூலித்தேவரை மட்டும் வைப்பா, இதெல்லாம் எதுக்கு"ங்கறார். எனக்கு மனசு ஒப்பலை. அவரை மட்டும் வைத்தால் நம்மாள் எல்லாரும் ஒரே பக்கம் நின்ன மாதிரி ஆகிடும். வந்தவாசியில் 1760-இல் ரெண்டு பக்கமும் நின்ன சிப்பாய்கள் அப்புறம் யாராம்?

அதனால சிப்பாய்க்கு நாடே கிடையாதுன்னு வச்சுட்டேன். கஜானாவில் காசு இருக்கிறவன் எடுத்துக்கலாம். காசு தீர்ந்தால் சிவ் 4-இல் யூனிட்டுகள் ஸ்ட்ரைக் பண்ணிக் கலைஞ்சு போகும். என் சினாரியோவில் எதிராளியிடம் போய்ச் சேரும்.

எல்லைக்கோடு விஷயத்தில் மட்டும் வரலாறே டிசைன் பண்ணிக் கொடுத்துடுச்சு. 1690-இல் கடலூர்ப் பக்கம் செயின்ட் டேவிட் கோட்டையை மராத்தியர்களிடம் கும்பினி வாங்கினபோது, பீரங்கிக் குண்டு போய் விழுகிற தூரம் வரைக்கும் நிலம் என்று பேச்சு. நல்ல பீரங்கியாப் பார்த்து வச்சு நாலாபக்கமும் சுட்டாங்க. குண்டு உப்பலவாடிங்கற ஊர்ப் பெயரில் அந்தக் குண்டு இன்னும் இருக்கு. சிவ் 4-இல் எல்லை கல்ச்சரால் விரியும். இங்கே எத்தனை பவுண்டு பீரங்கி வச்சிருக்கீங்களோ, அத்தனை கட்டம்.

அதிசயம்தான் ரொம்பப் படுத்துது. அந்த முப்பத்தேழு வருஷத்தில் இந்தப் பக்கம் கட்டினதை விட இடிச்சதுதான் அதிகம். செயின்ட் டேவிட் கோட்டையை 1758-இல் லாலி இடிச்சார். பாண்டிச்சேரியை 1761-இல் ஆங்கிலேயர் தரைமட்டமாக்கினாங்க. சிதம்பரம் கோயிலையே கோட்டையாக்கிட்டாங்க. 1781 ஜூனில் உள்ளே ஹைதர் அலியின் ஆட்கள், வெளியே அயர் கூட். கூட் அடி வாங்கித் திரும்பி, ரெண்டு வாரம் கழிச்சுப் பரங்கிப்பேட்டையில் ஜெயிச்சார். ஆகவே என் கேமில் சிதம்பரம் கட்டுற அதிசயம் இல்லை, புகுந்துக்கிற அதிசயம். படை உள்ளே இருக்கும்வரை மதில் பலம் உங்களுக்கு. கல்ச்சர் பாயின்ட் பூஜ்யம்.

பிள்ளேஜ் பட்டனையும் மாத்தணும். அதை அமுக்கினால் வயலும் போய், அமுக்கினவனுக்குக் காசும் வரும். ஹைதர் படை 1780-இல் கிராமங்களைக் கொளுத்தினதும் 1782-இல் மெட்ராஸில் பஞ்சம் வந்ததும் அந்தக் கணக்கில் வரவே வராது. செத்தது அந்த ஃபாஸ்ட் வொர்க்கர்தான். என் சினாரியோவில் கொளுத்தின கட்டம் மூணு வருஷம் விளையாது, யார் கையில் இருந்தாலும்.

இன்னும் முடியாதது சமாதானம். 1783 ஜனவரியிலேயே ஐரோப்பாவில் இங்கிலாந்தும் பிரான்சும் கையெழுத்துப் போட்டாச்சு. கடலூருக்குச் சேதி வந்தது ஜூன் கடைசியில். நடுவில் ஜூன் 13-ஆம் தேதி கடலூரில் விழுந்தவங்க எல்லாம் முடிஞ்சுபோன சண்டைக்குச் செத்தவங்க. கேமில் ஓகே அமுக்கின அடுத்த நொடி எல்லாத் துப்பாக்கியும் ஓய்ஞ்சுடுது. அஞ்சு மாசம் கப்பலில் மிதந்து வர்ற சமாதானத்தை பைத்தான் கோடில் எப்படி எழுதறதுன்னுதான் ஒரு வாரமா மண்டை காயுது.