ரத்தமும் தண்ணீரும் சேரும் இடம்



ஞாயிற்றுக்கிழமை காலையில் கறிக்கடை முன்னால் நிற்கிற நம்மில் பலர், அந்த ஆடு அறுபட்ட இடத்தைப் பார்த்ததே இல்லை. சென்னைக்காரர்களுக்கு ஆட்டுத்தொட்டி, அதாவது ஆடு அறுக்கும் கூடம், என்றால் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்துபோகிற இடம். அந்த நாற்றத்தைத் தலைவிதி என்று ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை என்று சொல்லத்தான் இந்த மாதம் இந்தப் பக்கம். ஓர் இறைச்சிக்கூடம் பக்கத்து ஆற்றைக் கெடுக்குமா, விட்டுவைக்குமா என்பது பெரும்பாலும் கட்டடத்தின் வரைபடத்திலேயே முடிவாகிவிடுகிறது.

காரணம், ரத்தம். கழிவுநீர் மக்கும்போது எவ்வளவு ஆக்சிஜனை உறிஞ்சும் என்பதை வைத்துத்தான் அதன் வீரியத்தை அளக்கிறார்கள். வீட்டுச் சாக்கடைக்கு அது லிட்டருக்குச் சுமார் 200 முதல் 300 மில்லிகிராம். கலப்பில்லாத ரத்தத்துக்கு ஒன்றரை லட்சத்தையும் தாண்டும். இத்தனை வீரியமுள்ள ஒன்றைக் குழாய்த் தண்ணீரால் அடித்துத் தரையோடு கழுவிவிட்டால், அப்புறம் எத்தனை கோடி செலவழித்துச் சுத்திகரிப்பு நிலையம் வைத்தாலும் அது திணறத்தான் செய்யும். அமெரிக்காவின் சிகாகோ நகரில் 1865 முதல் 1971 வரை இயங்கிய யூனியன் ஸ்டாக் யார்ட்ஸ் என்ற கால்நடைச் சந்தைப் பகுதியின் இறைச்சித் தொழிற்சாலைகள், ரத்தத்தையும் குடலையும் ஆற்றின் ஒரு கிளையில்தான் தள்ளின. அடியில் அழுகியதிலிருந்து வாயு கிளம்பி நீர் கொப்பளித்ததால் அந்தக் கிளைக்குக் குமிழி ஓடை என்றே பெயர் வந்தது. தொழிற்சாலைகள் போய் அரை நூற்றாண்டு ஆன பிறகும் அங்கே குமிழி வருவது நிற்கவில்லை.

நம் கிராமங்களில் கிடா வெட்டும்போது பார்த்திருப்பீர்கள். ரத்தப் பொரியல் வழக்கமுள்ள வீடுகளில், கழுத்துக்குக் கீழே முதலில் சட்டியை வைத்துவிடுவார்கள். ஒரு சொட்டு மண்ணில் விழாது. தலை, கால், குடல் எல்லாவற்றுக்கும் ஆள் காத்திருப்பார்கள். நூற்றுக்கணக்கில் அறுக்கும் கூடத்திலும் முதல் வேலை அதுதான். ரத்தம் வடியும் இடத்துக்குத் தனி வாய்க்கால், தனித் தொட்டி. தண்ணீர் போகும் வடிகால் வேறு. இரைப்பைக்குள் இருக்கும் அரைகுறையாகச் செரித்த தீவனத்தைத் தண்ணீர் விட்டு அலசாமல், அப்படியே தள்ளி எடுக்க வேண்டும். தரையில் சிதறிய துண்டுகளை முதலில் வாரிவிட்டு, கடைசியில்தான் குழாயைத் திறக்க வேண்டும். பணமே செலவாகாத இந்தப் பழக்கம் மிச்சப்படுத்தும் தண்ணீர் கொஞ்சநஞ்சமில்லை. ஆனால் வாருவதற்கு வசதியாகத் தரை சரிந்திருக்க வேண்டும், கூடை வைக்க இடம் இருக்க வேண்டும். அங்கே விடியற்காலையில் கால் நனைய நின்று குடல் அலசுகிறவர்களிடம் கேட்காமல் போடப்படும் வரைபடத்தில் இதெல்லாம் விட்டுப்போகும்.

வெப்பமும் அப்படித்தான், வரைபடத்திலேயே கவனிக்க வேண்டியது. கத்திகளில் கிருமி நீக்க 82 டிகிரிச் சுடுநீர் வேண்டும். கறியைக் குளிரவைக்கும் இயந்திரமோ வெப்பத்தை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது. இரண்டு அறைகளையும் அருகருகே அமைத்து, அந்த வெப்பத்தைக் கொண்டு தண்ணீரைப் பாதியளவாவது சூடாக்கிவிட்டால் கொதிகலனின் எரிபொருள் குறையும்.

பிரித்து எடுத்த ரத்தத்தையும் குடல் கழிவையும் என்ன செய்வது? இதற்கு நான் விரும்பிச் சொல்லும் ஊர் ஸ்வீடனின் லின்ஷோப்பிங். டீசல் பேருந்துகளின் புகையால் நகரின் காற்று கெட்டுக்கொண்டிருந்தபோது, நகராட்சியின் நிறுவனமும் இறைச்சி நிறுவனமும் விவசாயிகள் சங்கமும் கைகோத்து, 1990களின் நடுவில் ஓர் எரிவாயு ஆலை அமைத்தன. கூடத்தின் கழிவை 70 டிகிரியில் சூடாக்கிக் கிருமி நீக்கி, காற்றுப் புகாத கலன்களில் நொதிக்க விடுகிறார்கள். நம் சாண எரிவாயுக் கலனில் நடப்பதேதான், பெரிய அளவில். வரும் வாயுவைச் சுத்தம் செய்து வண்டிகளுக்கு நிரப்புகிறார்கள். மிஞ்சும் குழம்பு வயலுக்கு உரமாகிறது. 2002-க்குள் நகரப் பேருந்துகள் எல்லாமே இந்த வாயுவுக்கு மாறின. 2005-ல் வெஸ்டர்விக் நகருக்கு ஒரு ரயிலும் ஓடியது. ஒரு மாட்டின் கழிவில் சுமார் 4 கிலோமீட்டர் ஓடும் என்று அப்போது கணக்குச் சொன்னார்கள். இதில் எனக்குப் பெரிதாகத் தெரிவது தொழில்நுட்பமல்ல. கழிவு யாருடையது, வாயுவை வாங்குவது யார், உரம் எந்த வயலுக்கு என்று மூன்று தரப்பும் முன்கூட்டியே உட்கார்ந்து பேசியதுதான். வாங்க ஆளில்லாமல் கட்டிய கலன் துருப்பிடித்துத்தான் நிற்கும்.

ஒன்றை மறைக்கக் கூடாது. இறைச்சியால் பூமிக்கு ஏறும் சூட்டில் பெரும்பங்கு, கால்நடைகளை வளர்க்கும்போதே வந்துவிடுகிறது: அவை ஏப்பமாக விடும் மீத்தேன், தீவனத்துக்காக அழியும் காடு. கூடத்தை எவ்வளவு நன்றாகக் கட்டினாலும் அந்தக் கணக்கு தீராது. ஆனால் கூடத்தின் மதிலை ஒட்டி வீடு கட்டிக் குழந்தை வளர்ப்பவர்களுக்கு, அவர்கள் கிணற்றுக்கு, அவர்கள் தெருவில் வீசும் காற்றுக்கு கூடத்தின் வடிகால்தான் எல்லாம். அவர்களைக் காத்திருக்கச் சொல்ல எனக்கு மனமில்லை.

உங்கள் ஊரில் ஆடு, மாடு, கோழி எங்கே அறுபடுகிறது? அங்கிருந்து கிளம்பும் நீர் ஏரிக்கா, ஆற்றுக்கா, சாக்கடைக்கா? ரத்தத்தைத் தனியாகப் பிடிக்கிறார்களா? தெரிந்தவர்கள் எழுதுங்கள். அங்கே வேலை செய்கிறவர்கள் எழுதினால் இன்னும் மகிழ்வேன். கடிதம் எழுத நேரமில்லையென்றால் குரல் பதிவாக அனுப்புங்கள், நாங்கள் எழுத்தாக்கிக்கொள்கிறோம். புதுக் கூடம் கட்டப்போவதாகப் பேச்சு நடக்கும் ஊர்களிலிருந்து வருபவற்றை முதலில் வெளியிடுவோம். அங்கே வரைபடத்தை இன்னும் மாற்றலாம்.

அன்புடன்,
ஆசிரியர்