மிச்சம் பிடிக்கப்பட்ட ஸ்கேன்: அரசு மருத்துவமனை டீனுக்கு ஒரு திறந்த மடல்



நோயாளியின் குடும்பத்தார் நேரில் கொடுத்த மனுக்களுக்கும் பதிவுத் தபாலில் அனுப்பிய நினைவூட்டல்களுக்கும் ஒப்புகைச் சீட்டைத் தவிர வேறு பதில் கிடைக்காததால், இம்மடல் பொதுவில் வைக்கப்படுகிறது. பித்தநாளத்தை எந்த நிலையில் எந்தக் கருவியால் ஆராய வேண்டும் என்பதை மாணவர்களுக்குப் பாடமாக நடத்தும் டீனிடம் அந்த நெறிமுறைகளை எடுத்துரைப்பது முறையன்று; ஒரே ஒரு கேஸ் ஷீட்டை மட்டும் நினைவூட்டினால் போதும்.

பித்தப்பையில் கற்கள் இருந்த, நாற்பது வயதைக் கடந்த பெண்மணி ஒருவர் லேசான மஞ்சள்காமாலையுடன் சேர்க்கப்பட்டார். கல்லீரலிலிருந்து குடலுக்குப் பித்தநீரைக் கொண்டுசெல்லும் பொதுப் பித்தநாளம் சற்று விரிந்திருப்பதை அல்ட்ராசவுண்ட் காட்டியது. கல் எதையும் காட்டவில்லை. காய்ச்சல் இல்லை, பிலிரூபின் அளவும் இறங்கிக்கொண்டிருந்தது, ஆகவே, அடைத்த கல் தானாகவே குடலுக்குள் நழுவியிருக்க இடமுண்டு. இத்தகைய ஐயத்தைத் தீர்ப்பதற்கு உரியது, 1990களின் தொடக்கத்தில் அறிமுகமான எம்.ஆர்.சி.பி.; உடலுக்குள் கருவி எதையும் நுழைக்காமல், கதிர்வீச்சும் இல்லாமல், நாளத்திலுள்ள நீர்மத்தை வெண்மையாகவும் கல்லை அதனிடையே கருமையாகவும் காட்டும் எம்.ஆர்.ஐ. படம் அது. மிகச் சிறிய கற்களை அது சிலவேளை தவறவிடும் என்பது மெய்தான். ஆனால் இங்கே தவறவிடுவதற்குக்கூட அதற்கு வாய்ப்பளிக்கப்படவில்லை: கருவி அதே வளாகத்தில் இருந்தும், மருத்துவர் எழுதிய கோரிக்கை "செலவு கருதித் தவிர்க்கவும்" என்ற குறிப்போடு திரும்பி வந்தது.

அதற்குப் பதிலாகச் செய்யப்பட்ட ஈ.ஆர்.சி.பி., எண்டோஸ்கோப்பை வாய்வழியே சிறுகுடலின் தொடக்கம்வரை செலுத்தி, பித்தநாளத்தின் வாயில் மெல்லிய குழாயை நுழைத்து, சாயம் பாய்ச்சி எக்ஸ்ரே எடுக்கும் முறையாகும். இருக்கும் கல்லை வெளியே எடுக்க அதற்கு நிகரில்லை. இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பதற்கோ, செய்துகொள்வோரில் நூற்றுக்கு 3 முதல் 10 பேர்வரை கணைய அழற்சிக்கு ஆளாக்கும் இம்முறை ஏற்றதன்று. நாளத்தில் கல் இல்லை. அன்றிரவே வயிற்றுவலியும் வாந்தியும் தொடங்க, அப்பெண்மணி தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றப்பட்டார். பித்தப்பை அறுவை சிகிச்சை காலவரையின்றித் தள்ளிப்போக, தினக்கூலியான கணவர் வேலையை விட்டு வராந்தாவில் படுத்தார்.

கல் இருப்பது ஏறத்தாழ உறுதியானவருக்கு நேரே ஈ.ஆர்.சி.பி. செய்வதே சிக்கனம் என்பதை யாரும் மறுக்கவில்லை. அவ்வுறுதி இல்லாதவருக்கு எம்.ஆர்.சி.பி.யை முதலில் எடுத்தால் தேவையற்ற ஈ.ஆர்.சி.பி.க்களும் குறையும், மொத்தச் செலவும் குறையும் என்று 2004-இல் பிரிட்டனில் வெளியான சுகாதாரத் தொழில்நுட்ப மதிப்பீடு கணக்கிட்டுக் காட்டியது. அந்தக் கணக்கு இங்கே எடுபடாததற்குக் காரணம் மருத்துவம் அன்று, பேரேடு. ஸ்கேன் செலவு ஒரு பிரிவின் தலையில் விழுகிறது. தீவிர சிகிச்சைப் படுக்கையும் மருந்தும் வேறொரு பிரிவில் கரைந்துவிடுகின்றன. கணவர் இழந்த கூலிக்கோ எந்தப் பேரேட்டிலும் இடமில்லை. இந்த ஏற்பாட்டுக்குச் சிக்கனம் என்று பெயர் சூட்டியவருக்கு நிதித்துறை பாராட்டுப் பத்திரம் வழங்கினாலும் வியப்பதற்கில்லை.

பெரிதாக எதுவும் கேட்கப்படவில்லை. அந்தக் குறிப்பை எழுதியவர் யார் என்பதையும், அந்த ஒரு ஸ்கேனைத் தவிர்த்ததால் மருத்துவமனைக்கு மிச்சமான தொகை எவ்வளவு என்பதையும் டீன் தம் கையொப்பத்துடன் அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும். தீவிர சிகிச்சைப் பிரிவின் செலவைக் கழித்த பிறகு.